நெய்மத்தியை அடையாளம் காண: தலை, வயிறு, செவுள்

வலையை உதறும்போது மணலில் விழும் வெள்ளிநிறச் சிறுமீன் எல்லாமே நெய்மத்தி ஆகிவிடாது. சாளை, மத்தி, கவலை, சூடை என்று பல பெயர்களில் கூடைக்கு வரும் மீன்களில் நெருங்கிய உறவுடைய ஐந்தாறு இனங்கள் கலந்து கிடக்கும். எல்லாமே ஒரு சாண் நீளத்துக்குள் இருக்கும், முதுகு நீலப்பச்சை, வயிறு வெள்ளி. ஆனால் அவை உண்பதும் கொழுப்பு ஏறும் பருவமும் ஒன்றல்ல. ஒரே ஆண்டில் ஓர் இனம் பெருகி, இன்னோர் இனம் இல்லாமலே போவதும் உண்டு. இனத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாவிட்டால் அந்த மீனைப் பற்றிச் சேர்க்கும் எந்தத் தகவலுக்கும் மதிப்பில்லை.

இந்தக் கட்டுரை அவற்றில் ஒன்றைப் பற்றியது: நெய்மத்தி, அறிவியல் பெயர் சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ். குமரிக் கடற்கரையில் இதைச் சாளை என்பார்கள். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் பேச்சாளை. கேரளத்தின் வடபகுதியில் மத்தி, தென்பகுதியில் சாளை. சென்னையை ஒட்டிய ஊர்களில் கவலை என்ற பெயருக்குள் இதுவும் வரும், இதன் உறவு மீன்களும் வரும். எனவே பெயரைக் கேட்டு இனத்தை முடிவு செய்யக் கூடாது, மீனைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பழைய புத்தகங்களில் இது மேற்குக் கரை மீன், கொல்லத்திலிருந்து ரத்னகிரி வரை கிடைப்பது என்றுதான் இருக்கும். எழுதப்பட்ட காலத்தில் அது சரியே. 1980களின் பிற்பகுதியிலிருந்து கிழக்குக் கரையிலும் நெய்மத்தி பெருமளவில் பிடிபடத் தொடங்கியது. இன்று மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் சோழமண்டலக் கரையிலும் இது வழக்கமான மீன். கிழக்குக் கரையில் கிடைத்தது என்பதற்காக ‘இது நெய்மத்தியாக இருக்காது’ என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

முதலில் குடும்பம், பிறகு இனம்

தொடக்கநிலையில் இருப்பவர்கள் நேராக நிறத்தையும் புள்ளியையும் பார்க்கப் போவார்கள். அதற்கு முன் இது சாளைக் குடும்பத்து மீன்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். முதுகில் ஒரே ஒரு துடுப்பு, உடலின் நடுப்பகுதியில் இருக்கும். அதில் குத்தும் முள் கிடையாது, எல்லாமே மென்மையான கதிர்கள். பல மீன்களின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு இதன் உடலில் இருக்காது. வால் ஆழமாகப் பிளந்திருக்கும். வயிற்றின் அடிவிளிம்பில் கூர்நுனி கொண்ட சிறு தகடுகள் வரிசையாக இருக்கும்.

இந்த அடையாளங்களை வைத்தே பலவற்றைக் கழித்துவிடலாம். கானாங்கெளுத்திக்கு முதுகில் இரண்டு துடுப்புகள், அவற்றின் பின்னால் வால்வரை குட்டித் துடுப்புகள் வரிசையாக நிற்கும். நெத்திலிக்கு மூக்கு முன்னால் துருத்தி, வாய் அதன் அடியில் கண்ணையும் தாண்டிப் பிளந்திருக்கும். உருண்டை வயிறு இருந்தும் விரலுக்கு ஒரு தகடுகூடத் தட்டுப்படவில்லை என்றால் அது சாளையின் தூரத்து உறவான வேறு மீன், அதையும் தள்ளிவைக்கலாம்.

அடுத்து மலவாய்த் துடுப்பைப் பாருங்கள். அதன் கடைசி இரண்டு கதிர்கள் மட்டும் மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிந்தால், நெய்மத்தியும் சூடைகளும் அடங்கும் கூட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று பொருள். குழப்பம் தொடங்குவதும் இங்கேதான்.

வயிறும் தலையும்

மீனைத் தலை உங்களை நோக்கி இருக்குமாறு பிடித்து, அதன் குறுக்கு வடிவத்தைப் பாருங்கள். நெய்மத்தியின் உடல் ஏறக்குறைய உருளை, வயிறு உருண்டிருக்கும். சூடை வகைகள் இருபுறமும் அமுங்கித் தட்டையாக, வயிற்று விளிம்பு கூராக இருக்கும். பிறகு மலவாயிலிருந்து தொண்டையை நோக்கி விரலை நகர்த்துங்கள். தகடுகளின் நுனிகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் எதிர்த்திசையில் தடவினால்தான் அவை விரலில் உறைக்கும். நெய்மத்திக்கு 29 முதல் 33 தகடுகள் உண்டு, ஆனால் வயிறு உருண்டிருப்பதால் அவ்வளவாகத் துருத்தாது. சூடையில் அரம் போல உரசும். தகடுகளின் எண்ணிக்கை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் எண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம், தொட்டு உணர்வதே போதும்.

ஓர் எச்சரிக்கை: முட்டை நிறைந்த சூடையும் உருண்டையாகத் தெரியும். நெடுநேரம் பனிக்கட்டிக்கு அடியில் நசுங்கிய நெய்மத்தி தட்டையாகத் தெரியும். எனவே வயிற்றை மட்டும் நம்பி நிறுத்திவிடாமல் தலையை அளக்க வேண்டும்.

தலையின் அளவு எளிய சோதனை, நல்ல சோதனையும்கூட. முகவாய் நுனியிலிருந்து செவுள் மூடியின் பின்விளிம்பு வரை தலை நீளம். முகவாய் நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை உடல் நீளம். அந்த இடம் எது என்று ஐயம் வந்தால் வாலை மெல்ல ஒரு பக்கமாக மடக்குங்கள், மடிப்பு விழும் கோடுதான் எல்லை. நெய்மத்தியின் தலை உடல் நீளத்தில் 29 முதல் 35 சதவீதம். அதாவது வாலை விட்டுவிட்டு 15 செ.மீ. நீளமுள்ள மீனுக்குத் தலை 4.4 செ.மீ.க்குக் குறையாது, 5 செ.மீ.யைத் தாண்டவும் செய்யலாம். சூடை வகைகளில் தலை கால் பங்கை ஒட்டியே நின்றுவிடும். தவறு பெரும்பாலும் வால் துடுப்பின் நுனிவரை அளந்துவிடுவதால் வருகிறது. அப்படிச் செய்தால் நெய்மத்தியின் விகிதமும் குறைந்து, சூடை என்று தவறாக முடிவாகிவிடும். வளைந்து விறைத்துப்போன மீனையும் அளக்காதீர்கள், நிமிர்த்திப் பலகையில் படுக்கவைத்து அளக்க வேண்டும்.

புள்ளிகளையும் கோடுகளையும் துணைச் சான்றாக மட்டும் கொள்ளலாம். நெய்மத்திக்குச் செவுள் மூடியின் பின்விளிம்பில் ஒரு கரும்புள்ளி தெளிவாக இருக்கும். அதற்குச் சற்றுப் பின்னால் மங்கிய பொன்னிறப் புள்ளியும், அங்கிருந்து உடலின் நடுவில் வால் நோக்கி ஓடும் மங்கிய பொன்கோடும் உண்டு. சூடைகளுக்கோ முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தில் கரும்புள்ளி இருக்கும், நெய்மத்திக்கு அந்த இடத்தில் இருக்காது. பக்கவாட்டில் பத்து முதல் இருபது புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது இன்னொரு சாளை இனம். அந்தப் புள்ளிகள் உயிரோடு இருக்கையில் பொன்னிறமாகவும், பதப்படுத்திய மீனில் கருப்பாகவும் தெரியும்.

பொன்கோட்டை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் தொடக்கநிலையில் எல்லோரும் விழும் குழி. ஒரு சூடை இனத்துக்கும் பக்கத்தில் பளிச்சென்ற பொன்கோடு உண்டு. மேலும் மீன் இறந்து சில மணி நேரத்தில் பொன்னிறம் மங்கிவிடும். ஐயம் தீரவில்லை என்றால் வயிற்றுத் துடுப்பின் கதிர்களை எண்ணுங்கள். துடுப்பை ஒரு குண்டூசியால் விரித்துப் பிடித்து, முன்னால் இருக்கும் கிளைக்காத கதிர் ஒன்றையும் கிளைத்த கதிர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் நெய்மத்திக்கு 9, சூடைகளுக்கு 8. சிறிய மீனில் கைக்கண்ணாடி இல்லாமல் இதைச் செய்ய முடியாது. துடுப்பு ஈரமாக இருக்கும்போது எண்ணுங்கள், உலர்ந்தால் கதிர்கள் ஒட்டிக்கொண்டு ஒன்று குறைவாகத் தோன்றும்.

செவுளுக்குள் இருக்கும் வடிகட்டி

எல்லாச் சோதனைகளிலும் உறுதியானது செவுளுக்குள் இருக்கிறது. செவுள் மூடியைத் தூக்கினால் சிவந்த செவுள் இழைகள் பின்பக்கம் தெரியும். அதே வளைவின் முன்பக்கம், வாயை நோக்கி, மெல்லிய வெளிர்நிற முட்கள் நெருக்கமாக நிற்கும். அவற்றை இங்கே வடிமுட்கள் என்போம். சூடையின் வடிமுட்கள் சாதாரணச் சீப்பின் பற்கள் என்றால் நெய்மத்தியுடையவை பேன்சீப்பின் பற்கள்.

செய்முறை இது. செவுள் மூடியைச் சிறு கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். முதல் செவுள் வளைவை, அதாவது வெளியே இருப்பதை, மேல்முனையிலும் கீழ்முனையிலும் வெட்டி முழுசாக எடுத்து, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் போடுங்கள். வளைவு ஓரிடத்தில் மூலைபோல் மடங்கும். அந்த மூலையிலிருந்து முன்நோக்கிப் போகும் நீண்ட பகுதிதான் கீழ்க்கை. அதிலுள்ள வடிமுட்களை மட்டுமே எண்ண வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும் ஒரு குண்டூசியும் போதும், பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டு எண்ணுங்கள்.

8 செ.மீ.யிலிருந்து 15 செ.மீ. வரை உடல் நீளமுள்ள நெய்மத்தியில் கீழ்க்கை வடிமுட்கள் 150 முதல் 250 வரை இருக்கும். சூடை இனங்களில் நாற்பதுகளில் தொடங்கி எண்பதைச் சற்றுத் தாண்டுவதோடு நின்றுவிடும். இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதால் எண்ணுவதில் ஐந்து பத்து தவறினாலும் முடிவு மாறாது. சில மீன்களை வெட்டிப் பார்த்துவிட்டால் பிறகு எண்ணவே தேவைப்படாது, கண்ணே சொல்லிவிடும்.

தவறு நேரும் இடங்கள் மூன்று. வளைவு காற்றில் உலர்ந்தால் முட்கள் கற்றையாக ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை பாதியாகத் தெரியும். மூலைக்கு மேலே உள்ள குட்டைப் பகுதியையும் சேர்த்து எண்ணினால் சூடையின் எண்ணிக்கை கூடிப்போகும். மூன்றாவது வளர்ச்சியால் வருவது: மீன் வளர வளர வடிமுட்களும் கூடும். ஆகவே 8 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சுகளில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதை வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள்.

இந்த வடிமுட்களைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெய்மத்தி எங்கே இருக்கும், எப்போது வரும், எப்போது கொழுக்கும், ஏன் திடீரென்று காணாமல் போகும் ஆகிய எல்லாக் கேள்விகளும் கடைசியில் இந்த வடிகட்டியிடம்தான் வந்து சேர்கின்றன.

வடிகட்டி தீர்மானிக்கும் வாழ்க்கை

வாயைத் திறந்தபடி நீந்தினால் தண்ணீர் வாய்வழியாகப் புகுந்து செவுள் வழியாக வெளியேறும். அந்தப் பாதையில் இருக்கும் வடிமுட்களில் மிதவை உயிர்கள் தங்கிவிடும். சூடைகளின் அகன்ற இடைவெளியில் இறால் குடும்பத்து நுண்விலங்குகள் போன்ற சற்றுப் பெரியவை நிற்கும், மிகச் சிறியவை தப்பிவிடும். நெய்மத்தியின் நெருக்கமான வடிகட்டியிலோ தாவர மிதவை உயிர்களான டயட்டம்களும் சிக்கும். வளர்ந்த நெய்மத்தியின் இரைப்பையைத் திறந்தால் பச்சையோ பழுப்போ கலந்த குழம்பு இருப்பது இதனால்தான். குஞ்சுப் பருவத்தில் வடிகட்டி இன்னும் நெருக்கமாகாததால் நுண்விலங்குகளே அதிக உணவு.

நெய்மத்தியும் ஒரு டயட்டம் இனமும் நெருங்கிய தொடர்புடையவை. ஃபிராஜிலேரியா ஓஷியானிகா என்னும் அந்த டயட்டம் மிகுந்திருப்பது நெய்மத்தி மிகுந்திருப்பதன் அறிகுறி என்று 1955இல் நாயர், சுப்ரமணியன் என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு மீன்வளத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தாவரத்தோடு இணைத்த அந்தப் பார்வை இன்றும் பயன்படுகிறது.

டயட்டம் பெருக வெளிச்சமும் உரச்சத்தும் வேண்டும். மேற்பரப்பில் வெளிச்சம் உண்டு, சத்து விரைவில் தீர்ந்துவிடும். ஆழத்தில் சத்து உண்டு, வெளிச்சம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் மேற்குக் கரையோரத்து மேல்நீர் விலகிப்போய், குளிர்ந்த ஆழ்நீர் மேலெழும். அந்த நீர் கொண்டுவரும் சத்தில் டயட்டம்கள் பூத்துக் குவியும். நெய்மத்தி கரைக்கு நெருங்கி வருவதும் இனப்பெருக்கம் செய்வதும் இதே பருவத்தோடு ஒட்டி நடக்கின்றன. குஞ்சு பொரிக்கும்போது உணவு நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

மேலெழும் நீர் அதிகமானாலும் கெடுதிதான். ஆழ்நீரில் உயிர்வளி குறைவு. அது அடர்த்தியாகக் கரையோரத்தில் பரவினால் கூட்டங்கள் அந்த இடத்தை விட்டு விலகிவிடும். நீர் மேலெழுவது மிகக் குறைந்தால் உணவு இல்லை. நடுவில் இருக்கும் குறுகிய எல்லைக்குள் எல்லாம் கூடி வந்தால்தான் நல்ல ஆண்டு. 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரை இந்த மீன் விரும்புகிறது. கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளை ஒட்டி மத்தி குறைவதில் வியப்பில்லை.

கிழக்குக் கரையில் பருவங்கள் வேறு, நீரோட்டங்கள் வேறு. எனவே மேற்குக் கரையின் மாதக் கணக்கைத் தமிழகத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

கூட்டமாக இருப்பது ஏன், எப்படி

வடிகட்டி உண்ணும் மீனுக்குக் காக்க வேண்டிய இடமோ துரத்த வேண்டிய இரையோ இல்லை. உணவு கடலில் திட்டுத்திட்டாகப் பரவிக்கிடக்கும். ஒரு திட்டைக் கண்டுவிட்டால் ஆயிரம் மீன் தின்றாலும் பெரிய போட்டியில்லை. ஆனால் திறந்த கடலில் ஒளிந்துகொள்ளப் பாறையோ செடியோ கிடையாது. சூரை, வஞ்சிரம், முள்ளுவாளை, சுறா, ஓங்கில் என்று துரத்துபவை ஏராளம். வெள்ளிப் பக்கங்கள் ஒன்றாகத் திரும்பி மின்னும்போது வேட்டைமீனால் ஒன்றைக் குறிவைக்க முடியாது. அடைக்கலம் இல்லாத இடத்தில் கூட்டமே அடைக்கலம்.

ஒரு கூட்டத்தில் இருக்கும் மீன்கள் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீந்தும் வேகம் உடல் நீளத்தைப் பொறுத்தது. சிறியது பின்தங்கிவிடும், பெரியது முந்திவிடும், ஆகவே கூட்டம் தானாகவே அளவு பிரிந்துகொள்கிறது. ஒரு வலையில் ஒரே அளவு மீன் வந்ததை வைத்து ‘கடலில் இப்போது இந்த அளவுதான் இருக்கிறது’ என்று முடிவு செய்வது தவறு. அது அந்த ஒரு கூட்டத்தின் அளவு மட்டுமே. தவிர, மத்திக்கென்று விடும் செவுள் வலையின் கண் குறிப்பிட்ட பருமனுள்ள மீனைத்தான் செவுளில் மாட்டும். குட்டி நழுவிவிடும், பெரியது தலை நுழையாமல் திரும்பிவிடும். கரைவலையில் வருவதே பலவித அளவுகளையும் காட்டும்.

கூட்டத்தைக் கடலின் மேலிருந்தே அறியலாம். பகலில் நீரின் நிறம் ஒரு திட்டாகக் கருத்திருக்கும், அல்லது காற்றில்லாத இடத்தில் தூறல் விழுவதுபோல் மேற்பரப்பு நடுங்கும். கடற்காகங்களும் ஆலாக்களும் ஓரிடத்தில் வட்டமிட்டு மூழ்கும். நிலவில்லாத இரவுகளில், ஒளிரும் நுண்ணுயிர்கள் நீரில் இருந்தால், கூட்டம் நகரும் வழியெல்லாம் மங்கிய ஒளி பரவும். அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் கூட்டங்கள் மேலே வருவது வழக்கம். வெயில் ஏறும்போது இறங்கிவிடும். பெரும்பாலும் கரையோர ஆழம் குறைந்த நீரிலேயே இவை திரியும்.

படகு நெருங்கினால் கூட்டம் கலைவதற்கும் காரணம் உடலமைப்பில் இருக்கிறது. சாளைக் குடும்பத்தில் காற்றுப்பையிலிருந்து நுண்ணிய குழாய்கள் உட்செவியைத் தொடும். காற்றுப்பையில் படும் ஒலி அதிர்வு நேராகக் காதுக்குப் போய்ச் சேர்வதால் இவற்றின் கேட்கும் திறன் பல மீன்களைவிடக் கூர்மையானது. இயந்திரத்தைத் திடீரென்று முடுக்குவதும், படகுப் பலகையில் கனமான பொருளைப் போடுவதும் கூட்டத்தைக் கீழே அனுப்பிவிடும். கூட்டத்தைப் பார்க்க விரும்புகிறவர் எதிர்க்காற்றில், இயந்திரத்தை முன்கூட்டியே நிறுத்தி, மிதந்து நெருங்குவது நல்லது.

முட்டை, வளர்ச்சி, வாழ்நாள்

ஆண் பெண் வேறுபாடு வெளியே தெரியாது, வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும். மஞ்சள் சாயலும் மணிமணியான அமைப்பும் கொண்டது சினை, வெண்மையாக வழவழப்பாக இருப்பது ஆணின் விந்துப்பை. ஒரு பெண் மீன் அரை லட்சத்தை ஒட்டிய முட்டைகளைச் சுமக்கும், பெரியது இன்னும் கூடுதலாக. முட்டைகள் நீரில் மிதந்து, ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். காவல் எதுவும் கிடையாது. முதல் வாரங்களில் உணவும் நீரோட்டமும் வாய்த்தால் கோடிகள் பிழைக்கும், வாய்க்காவிட்டால் அந்த ஆண்டின் தலைமுறையே இல்லை.

முதல் ஆண்டின் முடிவில் சுமார் 15 செ.மீ. வளர்ந்து பருவத்துக்கு வரும். வாழ்நாள் இரண்டு, இரண்டரை ஆண்டு. 20 செ.மீ.யைத் தாண்டியது நல்ல பெரிய மீன். வாழ்நாள் குறுகியது என்பதால் சேமிப்பு என்று எதுவும் இல்லை: இந்த ஆண்டு பிடிபடுவதில் பெரும்பங்கு போன ஆண்டு பொரிந்தவை. இரண்டு ஆண்டு அடுத்தடுத்துக் குஞ்சு தவறினால் மீன்வளமே சரிந்துவிடும்.

கேரளத்தின் கணக்கு இதை வெளிப்படையாகக் காட்டுகிறது. 2012இல் ஏறக்குறைய 4 லட்சம் டன் பிடிபட்ட அதே மீன், 2021இல் சுமார் 3,300 டன்னாக இறங்கியது. 1940களிலும் இப்படி ஒரு சரிவு வந்து, 1943இல் சென்னை மாகாண அரசு மலபார், தென்கன்னடக் கரைகளில் சிறு மத்தியை வாரும் வலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. கடலின் மாற்றம் பாதி, மனிதர் பிடிப்பது பாதி என்று கூறுபோட முடியாது. ஆனால் கடல் கைவிட்ட ஆண்டில் குஞ்சுகளையும் வாரிவிட்டால் மீள்வது தாமதமாகும், இதில் ஐயமில்லை. கேரளத்தில் நெய்மத்திக்குக் குறைந்தபட்ச அளவு 10 செ.மீ. என்று சட்டம் இருக்கிறது. தமிழகத்தில், கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் வலையான சுருக்குமடிக்குத் தடை இருந்துவந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாட்கள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 மணிவரை என்ற வரம்போடு இடைக்கால அனுமதி தந்தது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

கையிலிருக்கும் சிறு மீன் குஞ்சா, வளர்ச்சி குன்றிய, பருவமடைந்த மீனா என்பது நீளத்தால் மட்டும் தெரியாது. கூட்டம் அளவுக்கு மீறிப் பெருகி உணவு போதாமல் போனால் மீன்கள் சிறிய அளவிலேயே பருவமடைந்துவிடும். அப்போது சினையைப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

கொழுப்பும் கெடுதலும்

நெய்மத்தியின் கொழுப்பு ஆண்டு முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் 3 சதவீதம் அளவுக்குக் குறைந்து, பருவமழை ஓய்ந்து டயட்டம் தின்று தேறிய பிறகு, அக்டோபர் தொடங்கி ஆண்டிறுதியில், மேற்குக் கரை மீனில் 15 சதவீதத்தைத் தாண்டும். அந்தக் காலத்தில் குடலைச் சுற்றி வெள்ளைக் கொழுப்பு படிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சட்டியில் எண்ணெய் மிதப்பதும் அப்போதுதான்.

கொழுப்பு மிகுந்த மீன் விரைவில் கெடும், மத்தி இரண்டு வழிகளில் கெடும். இரைப்பை நிறைய மிதவை உயிர்களோடு பிடிபட்டால் செரிமான நீர் இறந்த பின்னும் வேலை செய்து வயிற்றுச் சுவரையே அரித்துவிடும். சில மணி நேரத்தில் வயிறு வெடித்துக் கிடப்பது இதனால். இரண்டாவது, தசையில் இயல்பாகவே மிகுந்துள்ள ஹிஸ்டிடின் என்னும் பொருளைப் பாக்டீரியா ஹிஸ்டமினாக மாற்றும். உண்டவருக்கு முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி வரும். ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமின் வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் போகாது, வாடையில் தெரியாமலும் இருக்கலாம். ஆகவே பிடித்த உடனே, மீனின் எடைக்குச் சமமான உடைத்த பனிக்கட்டியில், ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு பனிக்கட்டி என்று வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த மீனைப் பிறகு பனிக்கட்டியில் போட்டால் ஏற்கெனவே நடந்த கெடுதல் திரும்பாது.

வாங்கும்போது செதில் உதிர்ந்திருப்பதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். நெய்மத்தியின் செதில்கள் தளர்ந்து பதிந்தவை, வலையிலேயே பாதி உதிர்ந்துவிடும். வலையில் இறுகிய மீனுக்குக் கண் சிவந்திருப்பதும் இயல்பு. வயிறு விறைப்பாகவும் முழுதாகவும் இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள்.

பதிவு செய்ய நினைப்பவருக்கு

மாதத்துக்கு ஒருமுறை, ஒரே இறங்குதுறையில், ஒரே வகை வலையிலிருந்து ஐம்பது மீன் எடுத்து அளந்தாலே உங்கள் கரையின் மத்தியைப் பற்றிப் பயனுள்ள தகவல் சேரும். பெரியதைப் பொறுக்காமல், கூடையின் ஒரு பக்கத்திலிருந்து வருவதை வந்தபடி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சராசரி பொய்யாகிவிடும். மொத்த நீளம், உடல் நீளம் இரண்டையும் தனித்தனியே மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஐந்து மீன்களுக்காவது வடிமுட்களைப் பார்த்து இனத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பத்து மீன்களின் வயிற்றைத் திறந்து ஆணா பெண்ணா, சினை எந்த நிலை, குடலைச் சுற்றிக் கொழுப்பு உண்டா, இரைப்பையில் இருப்பதன் நிறம் என்ன என்று குறிக்கலாம். அன்றைய காற்று எந்தத் திசைக்காற்று, வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா என்பதையும் வலை விட்ட ஆழத்தையும் மீனவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐயமுள்ள மீனை முழுசாக, செவுளை அறுக்காமல், தேதியும் இடமும் எழுதிய காகிதத்தோடு உறைபெட்டியில் வைத்தால் பிறகு தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்க்க முடியும்.